காட்டுங்க மிஸ்

எங்கள் தெருவில் அவருக்குக் "காட்டுங்க மிஸ்" என்று பெயர். முகத்துக்கு நேரே மிஸ் என்போம். அவருடைய சைக்கிள் சந்தி திரும்பியதும் மற்ற வார்த்தையும் சேர்ந்துவிடும். அரசாங்கக் கால்நடை வைத்தியக் கந்தோரில் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் சாய்ந்தமருதுக்கு வருவார். சொந்த ஊர் தம்பிலுவில். காரைதீவில் அக்கா வீட்டில் இருந்தபடி வேலைக்குப் போய்வந்தார். நெடிய, ஒடிசலான உடம்பு. சேலையைக் கரண்டைக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பார். கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு. சைக்கிள் கரியரில் ரப்பர் பட்டியால் இறுக்கிய பிஸ்கட் தகரம். அதற்குள் ஊசி, மருந்துத் தூள், கத்தரிக்கோல், ஒரு துண்டுச் சவர்க்காரம். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கம் சைக்கிள் மிதித்து வந்த பெண் வேறு யாரும் இல்லை என்பதால், கோழி வளர்க்காத வீட்டுக்காரரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள்.

அவர் யார் சொல்லையும் கேட்டு நம்பமாட்டார். அதுதான் அவர். "மிஸ், என்ட ஆடு மூணு நாளா ஒண்ணும் தின்னுதில்ல" என்று ஒருத்தி அழாக்குறையாகத் தொடங்கினால், "கதைய விடுங்க. ஆட்டைக் காட்டுங்க பாப்பம்" என்பார். அப்படி ஒருநாள் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று முருங்கைக் கொழுந்து. ஆட்டுக்காரி வாய் திறக்குமுன்னமே பக்கத்து வீட்டுக்காரி தன் முருங்கை மரத்தைப் பார்த்தாள். அன்றைக்கு வைத்தியம் தேவைப்பட்டது ஆட்டுக்கில்லை.

என் மூத்த மகள் வகுப்பில் முதலாம் பிள்ளை என்று உம்மா அவரிடம் ஒருமுறை பெருமை பேசினா. மிஸ் கையை நீட்டி, "ரிப்போட்டக் காட்டுங்க" என்றார். உம்மா எடுத்துக் கொடுத்தா. மூன்றாம் பிள்ளை. "மூண்டும் நல்லம்தானே, பிறகென்னத்துக்கு ஒண்டெண்டு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். உம்மா ஒரு கிழமை, ஏழு நாளும், அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கலியாணம் முடிக்காதவர். அதற்கும் ஒரு கதை இருந்தது. வந்த மாப்பிள்ளை ஏதோ கந்தோரில் கிளாக்கர் என்று சொன்னார்களாம். இவர் லீவு போட்டு, பஸ் ஏறி, அந்தக் கந்தோருக்கே போய்ப் பார்த்தாராம். மாப்பிள்ளை அங்கே கிளாக்கர் இல்லை, கன்ரீன் நடத்துகிறவராம். "கன்ரீன் நடத்தினாத்தான் என்ன, கன்ரீன் எண்டு சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. ஆனால் அவரை அறிந்த எவரும் இதைப் பொய் என்று சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தது என் செத்துப்போன குஞ்சுகள்.

என் மச்சான், அதாவது என் புருசன், கொழும்பில் ஒரு கடையில் நின்றார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். நானும் உம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் வீட்டில். ரோட்டோரம் வெறுமையாய்க் கிடந்த காணித் துண்டில் கிடுகுக் கூரை போட்டு, கம்பி வலை அடித்து, நூறு குஞ்சுகள் வாங்கிவிட்டேன். பிறந்ததில் இருந்து வாப்பாவின் வீடு, பிறகு மாப்பிள்ளையின் சம்பாத்தியம் என்று இருந்தவளுக்கு, அந்தக் கொட்டில் ஒன்றுதான் நானாக நினைத்து நானாகச் செய்தது. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நாலாம் கிழமையில் குஞ்சுகள் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் குவிந்து நின்றன. எச்சத்தில் இரத்தம். எட்டு நாளைக்குள் எழுபது போய்விட்டது. எதிர்வீட்டு ராத்தாவும் கோழி வளர்க்கிறவ. வேலியடியில் நின்று, "உன்ட கைராசி புள்ள" என்றா.

ஒரு செத்த குஞ்சைப் பழைய பேப்பரில் சுற்றிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். மிஸ் அதை வாங்கி, கந்தோர் முற்றத்து வாழை மரத்தடியில் குந்தியிருந்து கத்தரிக்கோலால் கிழித்தார். வாலடிப் பக்கம் இருந்த இரட்டைக் குடல் இரண்டும் கறுத்த இரத்தம் நிரம்பி வீங்கியிருந்தன.

"ரெத்தக் கழிச்சல். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. எச்சத்துல வெளிய வரும், ஈரம் கிடைச்சா வளரும், குஞ்சு கொத்தித் தின்னும், திரும்பவும் வயித்துக்குள்ள போகும்."

"ஊசி போட ஏலாதா மிஸ்?"

"இதுக்கு ஊசி இல்ல. கொட்டிலக் காட்டுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. என்றாலும் பின்னேரம் வந்தார். கொட்டிலின் தரை பளிச்சென்று இருந்தது. சீமெந்துத் தரையை நான் காலையும் மாலையும் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். கோழி எச்சம் நஜீஸ். உடுப்பில் பட்டால் தொழ முடியாது. அதனால் எங்கள் வீட்டு அடுப்படியைவிட அந்தக் கொட்டில் துப்பரவு. அதைக் காட்டும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

அவர் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். ஈரம்.

"நீங்க கழுவிக் கழுவித்தான் குஞ்சுகளச் சாகடிச்சிருக்கீங்க" என்றார்.

வேறொருவர் என்றால், பாவம் பெண்பிள்ளை, மெல்லச் சொல்லுவோம் என்று நினைத்திருப்பார். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்: தரை காயவேணும், நாலு விரல் உயரத்துக்கு உமி பரப்பவேணும், நாளுக்கு ஒருக்கா உமியைக் கிளறவேணும், தண்ணிப் பாத்திரத்தைச் செங்கல்லுக்கு மேலே வைக்கவேணும், சுற்றி நனைந்த உமியை உடனே அள்ளிக் கொட்டவேணும். தொழுகைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். யோசித்தார். "பழைய சட்டை ஒண்டு கொட்டில் வாசல்ல கொழுவி வையுங்க. உள்ள போகேக்க மேலால போடுங்க, வரேக்க கழட்டுங்க. சட்டை அழுக்காகட்டும், உமி காயட்டும்."

உமி மாவடிப்பள்ளி மில்லில் இருந்து வண்டியில் வந்தது. வண்டிக்காரர் மிஸ்ஸை அறிந்தவர். அந்தப் பக்கத்து வயல்காரர் ஒருவரின் மாட்டுக் கன்றுகள் இரத்தமாய்க் கழிந்தனவாம். அவர் கண்ணூறு என்று சொல்லிக் கழுத்தில் நூல் கட்டி வைத்திருந்தாராம். மிஸ் போய், கன்றைப் பார்க்கவில்லை, கன்று கட்டும் இடத்தைக் காட்டச் சொன்னாராம். மழைத் தண்ணீர் எல்லாம் வந்து தேங்கும் பள்ளம். "நூல் கிடக்கட்டும். கன்டுகள மேட்டில கட்டுங்க. மருந்து தாறன், ஆனா பள்ளத்திலேயே கட்டினா நான் மாசா மாசம் வரவேணும், என்னால அவ்வளவு தூரம் மிதிக்க ஏலா" என்றாராம். வண்டிக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மிதித்து மிதித்து மிஸ் அந்தக் கன்றுகளை மூன்றுதரம் போய்ப் பார்த்ததையும் அவர்தான் சொன்னார்.

மச்சான் அந்த மாதம் வந்தபோது கொட்டிலைச் சுற்றி ஒருதரம் நடந்தார். அவருக்குக் கொழும்பு வாழ்க்கை அலுத்திருந்தது. அந்த ரோட்டோரத் துண்டில் வலையும் கயிறும் விற்கும் கடை ஒன்று போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்துவிட ஆசை. அதுவும் நியாயமான ஆசைதான்.

"இன்னொருக்கா வளத்துப் பாருங்க. இதுவும் மௌத்தாப் போனா, நான் கொட்டிலப் பிரிச்சுப்போட்டுக் கடைக்கு அத்திவாரம் வெட்டுவன். சரியா?" என்றார்.

"சரி" என்றேன்.

முதல் நூறில் மிஞ்சியதை விற்றுத் தீர்த்த பிறகு, இரண்டாவது நூறு குஞ்சுகளும் வந்தன. உமி காய்ந்து கலகலவென்று கிடந்தது. மிஸ் செவ்வாய்தோறும் வருவார். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடிப்பார், விரலை விரிப்பார். கட்டியாய் நின்றால் ஈரம், உதிர்ந்தால் சரி. உதிர்ந்தது. அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லமாட்டார்.

ஐந்தாம் கிழமையில் திரும்பவும் இரத்தம்.

மிஸ்ஸுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், குஞ்சைக் கிழித்துப் பார்த்தார், மருந்துத் தூள் தந்தார். "குடிக்கிற தண்ணியில கரைச்சு வையுங்க. ஐஞ்சு நாள். ஒவ்வொரு நாளும் புதுசாக் கரையுங்க. வேற தண்ணி வைக்கக் கூடா." அப்படியே செய்தேன். ஆனால் மூன்றாம் நாளும் குஞ்சுகள் செத்தன.

மிஸ் வந்து நின்று, "மருந்து குடுக்கல்ல நீங்க" என்றார்.

"குடுத்தன் மிஸ். அல்லா மேல ஆணையாக் குடுத்தன்."

"சத்தியம் வேணாம். காட்டுங்க."

அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆணையிட்டுச் சொன்னதையும் நம்பாத ஒரு பெண். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டிலுக்குள் ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அசையாமல் ஒரு மணித்தியாலம் இருந்திருப்பார். நான் வாசலில் நின்றேன். குஞ்சுகள் மருந்துப் பாத்திரத்துக்குப் போயின, அலகை வைத்தன, தலையை உதறின. பிறகு ஒவ்வொன்றாய் வலப்பக்க மூலைக்குப் போயின. அங்கே தீன் சாக்குக்குப் பின்னால் ஒரு மண்சட்டி. அதில் தெளிந்த தண்ணீர். எல்லாம் அங்கே நின்று ஆசை தீரக் குடித்தன.

அந்தச் சட்டியை நான் வைக்கவில்லை. யார் வைத்தது என்று கேட்கவும் தேவைப்படவில்லை. உம்மா வாசலுக்கு வந்திருந்தா.

"லெவ்வைட்ட ஓதி வாங்கின தண்ணி. நான் நஞ்சா வெச்சன்? உன்ட குஞ்சு மௌத்தாகாம ஹயாத்தா இரிக்கட்டுமெண்டுதானே வெச்சன்" என்றா, நாடியை உயர்த்திக்கொண்டு.

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த, ஓதிப் பார்க்கும் லெவ்வையிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஊரில் எல்லோரும் தண்ணீர் ஓதி வாங்குவார்கள். நான் பயந்துபோனேன். மிஸ் எழுந்து அந்தச் சட்டியைக் காலால் தட்டிவிட்டால், உம்மா இந்த வீட்டில் அவரைப் பிறகு படியேற விடமாட்டா. ஊரும் விடாது. அவருக்கோ மனிதரைப் பார்த்து நாக்கை அடக்கத் தெரியாது.

மிஸ் சட்டியைக் கையில் எடுத்தார். ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தார்.

"உம்மா, லெவ்வை எவ்வளவு தண்ணிக்கு ஓதுவார்?"

"ஒரு போத்தலுக்கு."

"ஒரு வாளி கொண்டு போனா?"

உம்மா என்னைப் பார்த்தா. "கொண்டு போனா ஓதுவார்தான்."

"அப்ப, மருந்தக் கரைச்ச வாளியவே கொண்டு போங்க. குஞ்சுக்கு ஒரு தண்ணிதான் இருக்கவேணும். ரெண்டு வெச்சா அதுகள் ருசியானதத்தான் குடிக்கும். உங்கட ஓதலும் என்ட மருந்தும் ஒரே வாளியில கிடக்கட்டும்."

உம்மா அன்று வாளியைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு போனா. லெவ்வை, "இதுக்குள்ள என்ன புள்ள?" என்று கேட்டாராம். "மருந்து. கோழிட மருந்து. அந்த மிஸ் போட்டது" என்று உம்மா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாவாம். அவர் தாடியைத் தடவிவிட்டு, "மருந்துக்குத் துஆ கேக்கிறதுல என்ன பிழை? வாளிய வையுங்க" என்றாராம். மிஸ் மருந்தைத் திரும்பவும் முதலில் இருந்து ஐந்து நாளைக்குக் கொடுக்கச் சொன்னார். ஐந்து நாளும் காலையில் உம்மா வாளியோடு போய்வந்தா. மூன்றாம் நாளில் சாவு நின்றது. மருந்தாலா ஓதலாலா என்று எங்கள் வீட்டில் இன்றுவரைக்கும் தீர்ப்பில்லை. அறுபத்தெட்டுக் குஞ்சுகள் தப்பின.

ஆனால் முப்பத்திரண்டு போயிருந்தன. மச்சான் வரும் வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

அவர் கயிற்றோடு இடம் அளந்துகொண்டிருந்தபோதுதான் மிஸ்ஸும் வந்தார். மச்சான் மரியாதையாகத்தான் பேசினார். "மிஸ், நீங்க செல்லிக் குடுத்தெல்லாம் சரி. ஆனா இவங்க சரியாக் கவனிக்கல்ல. கவனிச்சிருந்தா ரெண்டாந்தரம் வருமா?"

எனக்கே அப்படித்தான் தோன்றியது. எங்கேயோ ஒரு மூலையைக் கிளறாமல் விட்டிருப்பேன், எங்கேயோ ஒரு ஈரத்தைக் காணாமல் விட்டிருப்பேன். என் கைராசி.

"பாப்பம்" என்று சொல்லி மிஸ் கொட்டிலுக்குள் போனார். நான்கு மூலையிலும் உமியை அள்ளிப் பிடித்தார். நான்கு மூலையிலும் உதிர்ந்தது. கிடுகை அண்ணாந்து பார்த்தார், ஒழுக்கு இல்லை. செங்கல்லைத் தூக்கி அடியைப் பார்த்தார். வெளியே வந்து, "இதுக்குள்ள ஆர் ஆர் வந்த?" என்று கேட்டார்.

"நான். உம்மா. வேற ஒருத்தரும் இல்ல மிஸ்."

"நான் வந்தன்தானே" என்றார்.

ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றினார். தடித்த ரப்பர் அடி, வெட்டு வெட்டாய்க் கோடு போட்டது. திருப்பினார். கோடுகளுக்குள் ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. கத்தரிக்கோல் நுனியால் கிண்டி உள்ளங்கையில் கொட்டினார். மச்சான் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உமி கொஞ்சம், மற்றதெல்லாம் மரத்தூள்.

எங்கள் கொட்டிலில் மரத்தூள் ஒரு பொட்டுக்கூட இல்லை. மிஸ் போகும் இடங்களில் மரத்தூள் பரப்பிய கொட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மரவேலைக்காரர் ஒருவருடையது. அங்கே குஞ்சுகள் கொத்துக் கொத்தாய்ச் செத்துக்கொண்டிருந்தன என்று மிஸ்ஸே எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"அங்க போய்ட்டு அதே செருப்போட நேர இஞ்ச வந்திருக்கன். நான்தான் சீக்கக் கொண்டந்திருக்கன்" என்றார் மிஸ். மச்சானைப் பார்த்து, "உங்கட மனுசியில பிழை இல்ல. கொட்டில் நல்லாக் கிடக்கு. பிழை என்ட செருப்புல" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். செருப்பைத் திருப்பிப் பார்க்காமலே இருந்திருக்கலாம். உத்தியோகத்தில் இருக்கிற ஒரு ஆள் தன் பிழையைத் தானே தேடிப் பிடித்து, கையில் வைத்துக் காட்டியதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மச்சான் அளந்த கயிற்றைச் சுருட்டினார். கொட்டில் நின்றது. கடையைப் பிறகு உம்மாவுக்கு இருந்த இன்னொரு வளவுக்கு முன்னால் போட்டார்.

அன்றில் இருந்து மிஸ் எந்தக் கொட்டில் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிடுவார். அந்த வீட்டின் மூக்கு வைத்த கிண்டிச் செம்பில் தண்ணீர் கேட்டு, தன் சவர்க்காரத்தால் கால் கழுவி, துடைத்துக் காயவிட்டுத்தான் உள்ளே போவார். நாங்கள் தொழுமுன் வுளு எடுப்பதைப்போலவே விரல் இடுக்கெல்லாம் கழுவுவார். உம்மா அதைப் பார்த்துச் சிரிப்பா. அவர்களுக்குள் இருந்த ரிப்போட் சண்டையின் மிச்சமும் அதோடு போயிற்று.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

அன்று செருப்பைக் காட்டிவிட்டு மிஸ் போன கையோடு நான் எதிர்வீட்டு ராத்தாவிடம் ஓடினேன். கைராசி என்று சொன்ன வாய் அடைபடவேண்டும் அல்லவா? "என்ட கையில ஒண்ணும் இல்ல ராத்தா. மிஸ்ட செருப்புலதான் சீக்கு வந்ததாம். அவவே செல்லினவ!" என்றேன். சந்தோசமாகச் சொன்னேன். ராத்தாவுக்கு மட்டுமில்லை, கிணற்றடியில் சொன்னேன், கலியாண வீட்டில் சொன்னேன். அவர் எவ்வளவு நேர்மையாய் ஒத்துக்கொண்டார் என்பதைச் சொல்லவில்லை. செருப்பைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு வருடத்தில் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் பக்கத்துத் தமிழ் ஊருக்கும் இடையில் பிரச்சினை வந்தது. கொஞ்சக் காலம் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தால் போகவில்லை, அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. கோழியைப் பற்றி யோசிக்கிற நாட்களா அவை? ஆனாலும் யாரோ யோசித்திருக்கிறார்கள். "அந்தத் தமிழ் மிஸ் வேணுமெண்டே செருப்புல சீக்கைத் தடவிக்கொண்டு வந்து எங்கட கோழியெல்லாம் சாகடிச்சவ" என்று ஒரு கதை என் காதுக்கே திரும்பி வந்தது. "ஆர் செல்லின?" என்று கேட்டேன். "அவவே வாயால ஒத்துக்கொண்டவவாம்" என்றார்கள். அவருடைய நேர்மையை எடுத்து அவருக்கே எதிரான சாட்சியாக வைத்திருந்தார்கள். அதை எடுத்துக் கொடுத்தவள் நான்.

ரோடு திறந்து இரண்டு மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மிஸ்ஸின் சைக்கிள் வந்தது. முதல் இரண்டு வீட்டுப் படலைகளும் திறக்கவில்லை. எதிர்வீட்டு ராத்தாவின் படலையில் மணியடித்தார், அதுவும் திறக்கவில்லை. அவர் திரும்பி எங்கள் வளவுக்குள் வந்தார். மெலிந்திருந்தார். தலையில் சில நரைமயிர்.

"மிஸ்," என்றேன், "அந்தச் செருப்புக் கதைய ஊருக்குச் செல்லின ஆள் நான்தான். நான் அப்பிடி நினைச்சுச் செல்லல்ல..."

"உமியக் காட்டுங்க" என்றார்.

காலைக் கழுவினார், துடைத்தார், உள்ளே போனார். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கி விரலை விரித்தார். உதிர்ந்தது. "நல்லாக் கிடக்கு. நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். என் முகத்துக்கு நேரே கேட்க எத்தனை வருடமாய்க் காத்திருந்த வார்த்தை. எனக்குச் சந்தோசம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைக் காணாதவர்போல, "எதிர் வீட்டுக் குஞ்சுகள் எப்பிடி?" என்று கேட்டார்.

"ரெத்தமாக் கழியுது மிஸ். நேத்து மட்டும் ஒம்பது. ராத்தா அழுதுகொண்டு புதைச்சா."

"காட்டமாட்டா என்ன?"

நான் எதைச் சொன்னாலும் அவருக்கு அது வெறும் கதைதான். வுளு எடுக்கும் கிண்டியை நிறைத்து எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின.

"ராத்தா! நான்தான். மிஸ் வந்திருக்கா."

ராத்தா உள்ளே இருந்து, "செருப்போடயா?" என்று கேட்டா. பக்கத்து வேலியில் யாரோ சிரித்தார்கள்.

மிஸ் செருப்பைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கொழுவினார். தகரத்தைத் திறந்து சவர்க்காரத்துக்குக் கையை விட்டார். நான் அதை அவர் கையில் இருந்து வாங்கினேன். ரோட்டிலேயே குந்தினேன். தண்ணீர் ஊற்றி, சவர்க்காரம் போட்டு, என் கையாலேயே அவருடைய இரண்டு காலையும் தேய்த்துக் கழுவினேன். "விடுங்க, விடுங்க" என்றார். நான் விடவில்லை.

"அது ஆருட செருப்புலயும் ஒட்டும் ராத்தா," என்றேன், வேலிகளுக்கும் கேட்கட்டும் என்று உரத்து. "இவ அத ஒளிக்கல்ல. ஒளிச்சிருந்தா என்ட கொட்டில் இண்டைக்கு இல்ல. அத ஊருக்குக் கெட்ட கதையாக் கொண்டு போனவள் நான்."

படலை ஒரு சாண் திறந்தது. ராத்தாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. "சரி, வரச் செல்லு" என்றா.

மிஸ் அசையவில்லை.

"பொறுங்க. கால் காயட்டும். ஈரக் காலோட உமிக்குள்ள போகக் கூடா."

துடைக்கும் துணி எங்கள் கொட்டில் வாசலில் கிடந்தது. எடுக்க ஓடவும் எனக்கு மனமில்லை, அவரை அங்கே தனியே விட்டுவிட்டு. நாங்கள் இரண்டு பேரும் அந்த வெயிலில் நடு ரோட்டில் நின்றோம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு உருட்டிப் போனார். கால் காய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்தாவுக்குப் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய், ஒரு வெள்ளைத் துவாயோடு வெளியே வந்தா. "இந்தாங்க மிஸ், துடைங்க. குஞ்சு சாகுது" என்றா.

மிஸ் துவாயை வாங்கி, சைக்கிளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, விரல் விரலாய்த் துடைத்தார். பிறகு முதலில் வலது காலையும், அதன் பின் இடது காலையும் தூக்கி, உள்ளங்காலை ராத்தாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். காலைத் தூக்கிக் காட்டுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. ராத்தா குனிந்து, இரண்டு காலையும் நன்றாகப் பார்த்தா.

"பாத்திட்டீங்களா? இனிக் குஞ்சக் காட்டுங்க" என்றார் மிஸ்.